ஒளிரும் பெயர்ப்பலகையில் தமிழ்: வளாகத்தில் கடை வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

பல பிராண்டுகள் இருக்கும் வணிக வளாகத்தில் பலகையின் வடிவத்தைப் பிராண்டின் தலைமை அலுவலகம் முடிவு செய்கிறது; இடத்தை வளாக உரிமையாளர் ஒதுக்குகிறார். தமிழில் பெயர் இல்லை என்ற நோட்டீஸ் மட்டும் பிராண்டின் பெயரை உரிமம் பெற்று உள்ளே வாடகைக்கு இருக்கும் ஃபிரான்சைஸ் கடைக்காரரிடம் வருகிறது. தான் வரையாத பலகைக்காக அவர் அலைவதைப் பார்த்துப் பொறுக்க முடியாமல்தான் இதை எழுதுகிறேன்.

1948ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகளில் 15ஆவது விதி, பெயர்ப்பலகை தமிழில் இருக்க வேண்டும் என்கிறது. வேறு மொழி இருந்தால் அது தமிழுக்குப் பிறகுதான். தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்ற அளவில் இருக்கச் சொல்கிறார்கள். ஆய்வுக்கு வருவது தொழிலாளர் துறை.

“எங்கள் லோகோ பதிவு பெற்ற டிரேட்மார்க், அதைத் தொடக்கூடாது” என்று பிராண்டு சொல்லும். டிரேட்மார்க் என்பது அந்தப் பெயரை இன்னொருவர் எடுத்துக்கொள்ளாமல் காக்கும் உரிமை. தமிழில் எழுதுவதிலிருந்து அது விலக்குத் தராது. பெயரை மொழிபெயர்க்கவும் வேண்டாம், ஒலிப்பை அப்படியே தமிழில் எழுதினால் போதும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே தமிழ் எழுத்துள்ள வரைபடத்துக்குத் தலைமை அலுவலகத்தின் ஒப்புதலை மின்னஞ்சலில் வாங்குங்கள். போனில் சொன்ன சம்மதம் ஆய்வு நாளில் உதவாது.

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது விளக்கில்தான். ஆங்கில எழுத்துக்குள் எல்இடி வைத்துவிட்டு, மேலே தமிழை வெறும் ஸ்டிக்கராக ஒட்டிவிடுகிறார்கள். பகலில் எல்லாம் சரியாகத் தெரியும். இருட்டியதும் தமிழ் மறைந்துவிடும். இரண்டுக்கும் ஒரே மாதிரி வெளிச்சம் கேளுங்கள். தமிழில் சுழியும் வளைவும் அதிகம். மெல்லிய எழுத்துருவை எடுத்தால் உள்ளே எல்இடி வரிசை உட்காராது, ‘ண’வும் ‘ன’வும் தூரத்தில் ஒன்றாகத் தெரியும். தடித்த எழுத்துருவே நல்லது. வாசலில் நிற்கும் பொதுப் பலகையில் உங்கள் பெயர் வரும் கட்டத்திலும் தமிழே முதலில் வரும்படி கேளுங்கள். “அது வளாகத்தின் பலகை” என்று வாதாடி நாளைக் கடத்தாதீர்கள். தமிழைச் சேர்க்கும் செலவு யாருடையது என்பதையும் வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

இன்னொரு பொறி, குளிர்பான, செல்போன் நிறுவனங்கள் இலவசமாக மாட்டித்தரும் பலகை. முக்கால் பங்கு அவர்கள் பொருளும் ஓரத்தில் உங்கள் பெயரும் இருந்தால், “இது விளம்பரம், அனுமதி எங்கே?” என்று உள்ளாட்சி அதிகாரி கேட்க இடம் கொடுத்துவிடுவீர்கள். இலவசமாகத் தந்தவர் அப்போது பக்கத்தில் இருக்க மாட்டார்.

பலகை வைக்க அனுமதி கேட்டுப் போனால் மாநகராட்சி வளாக உரிமையாளரிடமும், உரிமையாளர் மாநகராட்சியிடமும் அனுப்புவார்கள். வாய்மொழியாகக் கேட்டுக்கொண்டு திரும்பாதீர்கள். மனுவை எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். பதிலே வரவில்லையென்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மனு இப்போது யார் மேசையில் இருக்கிறது என்று கேளுங்கள். பதில் தர 30 நாள் கெடு. “எங்கள் அலுவலகம் இல்லை” என்று அதைத் திருப்பித் தரவும் முடியாது. 6(3) பிரிவின்படி 5 நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு அவர்களே அனுப்பியாக வேண்டும்.