நடுவில் நின்று பாடுபவர் எப்படி வந்தார்?

உப்புவெளி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "இரண்டு ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டால் பாடகர் நடுவில் நிற்கிறார். ஹெட்போனில் கேட்டால் தலைக்குள் வந்துவிடுகிறார். ஏன்?"

ஒலிப்பதிவுக்காகவே கொண்டாடப்படும் அல்பங்களின் அழகில் பாதி இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. லண்டன் அபே ரோட் ஸ்டூடியோவில் பதிவாகி 1973இல் வெளிவந்த பிங்க் ஃப்ளொய்ட் என்ற ரொக் இசைக்குழுவின் 'த டார்க் சைட் ஒஃப் த மூன்' அல்பத்தில், யாரோ ஓடும் காலடிச் சத்தம் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் போகும். ஒரு ஸ்பீக்கரில் சத்தத்தைக் குறைத்து மற்றதில் கூட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. இடப்பக்க ஒலி இடது காதுக்கு முதலில் வரும் என்பது பள்ளிக்கூடப் பாடம். தாழ்ந்த சுரங்களின் திசையை மூளை இந்த நேர வித்தியாசத்தை வைத்தே பிடிக்கிறது. அது அதிகம் போனால் 0.7 மில்லிசெக்கன் அளவு. சத்தத்தை மட்டும் கூட்டிக் குறைத்தால் நேரம் எப்படி மாறும்?

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஸ்பீக்கரில் கேட்கும்போது ஒவ்வொரு காதுக்கும் இரண்டு ஸ்பீக்கரின் ஒலியும் வருகிறது. இடது காதுக்கு இடது ஸ்பீக்கரின் அலை முந்தும். வலது ஸ்பீக்கரின் அலை தலையைச் சுற்றி வருவதால் ஏறக்குறைய கால் மில்லிசெக்கன் பிந்தும். இரண்டும் காதில் கூடி ஒரே அலையாகிவிடும். அந்த அலையின் முகடு, இரண்டில் எது பெரிதோ அதன் பக்கம் சாயும். இப்போது இடது ஸ்பீக்கரைக் கொஞ்சம் கூட்டுங்கள். இடது காதில் முந்தி வந்த அலை பெரிதாவதால் முகடு முந்துகிறது. வலது காதில் பிந்தி வந்த அலை பெரிதாவதால் முகடு பிந்துகிறது. சத்த வித்தியாசம் நேர வித்தியாசமாகவே மாறிவிட்டது! இரண்டு ஸ்பீக்கரும் சமமாக ஒலித்தால் இரு காதிலும் முகடு ஒரே கணத்தில் வரும். பாடகர் நடுவில் நிற்பார். பிரித்தானியப் பொறியியலாளர் அலன் புளூம்லைன் 1931இலேயே இதைக் கண்டு காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட்டார். என்ன ஒரு மூளை!

ஹெட்போனில் இடது ஒலி இடது காதுக்கு மட்டும்தான் போகும். இந்தக் கலப்பும் இல்லை, ஒலி வரும் திசைக்கேற்பக் காதுமடல் அதைச் செதுக்குவதும் சரியாக நடப்பதில்லை. அதனால்தான் பாடகர் தலைக்குள் சிக்கிக்கொள்கிறார்.

இந்த நுண்ணிய நேரத்தை நரம்புகள் எப்படி அளக்கின்றன என்பதை நாம் பெருமளவு கற்றது கூகையிடம். கும்மிருட்டில் காதை மட்டும் நம்பி எலி பிடிக்கும் பறவை அது. கொனிஷி என்ற விஞ்ஞானி பல பத்தாண்டுகள் அதை ஆராய்ந்தார். நம் ஊர்களில் கூகை அலறினால் சாவு வரும் என்று இன்னும் கல்லெறிகிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. தயவுசெய்து எறியாதீர்கள், எறியும் பிள்ளைகளையும் தடுங்கள்.

அப்புறம், நல்ல அல்பம் ஒன்றைக் கேட்கும்போது இரண்டு ஸ்பீக்கருக்கும் சம தூரத்தில் உட்காருங்கள். ஒன்றுக்கு ஒரு மீற்றர் கிட்டப் போனாலே அதன் ஒலி 3 மில்லிசெக்கன் முந்திவிடும். மூளை முதலில் வந்ததையே நம்பும். மட்டக்களப்பு பஸ்ஸில் ஸ்பீக்கருக்குக் கீழே இடம் கிடைத்தால் பாடகர் உங்கள் தலைக்கு மேலேயே பாடுவது இதனால்தான்.