சான்றாண்மை: ‘வர்ச்சுவஸ் லீடர்ஷிப்’ என்பதற்குத் தமிழ் என்ன?

கத்தோலிக்கப் பள்ளிகளில் ஆசிரியர்களுக்கும் மற்றப் பணியாளர்களுக்கும் நடக்கும் பயிற்சிகளில் ‘வர்ச்சுவஸ் லீடர்ஷிப்’ என்ற தொடர் காதில் விழுகிறது. அதைத் தமிழில் அச்சிட வேண்டி வந்தால் ‘நற்பண்புமிக்க தலைமைத்துவம்’, ‘ஒழுக்கத் தலைமை’, ‘அறநெறித் தலைமை’ என்று ஆளுக்கு ஒன்றாகப் போடுகிறார்கள். எதையும் தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் மூலச் சொல்லில் இருக்கிற முறுக்கு இவற்றில் எதிலும் இல்லை.

‘வர்ச்சுவஸ்’ என்பது நற்பண்பைக் குறிக்கும் ‘வர்ச்சூ’ என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது; அதன் மூலச் சொல் லத்தீன் ‘விர்த்தூஸ்’. ‘விர்’ என்றால் ஆண்மகன். நம் ‘வீரன்’ என்ற சொல்லுக்கு வேரான வடமொழி ‘வீர’வும் இந்த ‘விர்’ரும் ஒரே குடும்பம். ஆக, பழைய ரோமானியரிடம் விர்த்தூஸ் என்றால் முதலில் போர்க்களத்து ஆண்மை, துணிவு. அப்புறம் எந்தப் பொருளும் தன் வேலையைச் செவ்வனே செய்ய வைக்கும் திறம் என்று விரிந்தது. ரோமானிய அறிஞர் சிசரோ காலத்திலேயே, அதாவது கிறிஸ்துவுக்கு முன் முதல் நூற்றாண்டிலேயே, கிரேக்கரின் ‘அரெத்தே’ (மேன்மை, சிறந்த திறம்) என்ற மெய்யியல் சொல்லுக்கு ஈடாக இது நின்றுவிட்டது. கொரோனா காலத்தில் எல்லா ஆசிரியரும் பழகிப்போன ‘வர்ச்சுவல் கிளாஸ்’ கூட இதே வேரிலிருந்து வந்ததுதான்: நேரில் இல்லாவிட்டாலும் செயலாற்றும் வலிமை உடையது என்பது அதன் உட்பொருள். அந்த வலிமை எத்தனை வகுப்புகளில் இருந்தது என்பது வேறு கதை.

அரிஸ்டாட்டில் இதற்கு ஒரு முக்கியமான வரம்பு கட்டினார். நற்பண்பு பிறவியில் வருவதில்லை, பாடம் கேட்டும் வருவதில்லை. யாழ் வாசித்து வாசித்தே யாழ் வல்லவர் ஆவது போல, நேர்மையான செயல்களைச் செய்து செய்தே ஒருவர் நேர்மையாளர் ஆகிறார் என்றார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் இதைக் கிறிஸ்தவச் சிந்தனைக்குள் கொண்டுவந்து விரித்தார். 1992-ல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் அதே தடத்தில்தான் போகிறது: நன்மையைச் செய்வதற்கு நிலையாகவும் உறுதியாகவும் பழகிப்போன மனப்பாங்கு என்று 1803-ஆம் எண்ணில் அதை வரையறுக்கிறது. ‘பழகிப்போன’ என்பதுதான் இங்கே உயிர்நாடி. ஒரு நாள் நல்லபடி நடந்துகொள்வது நற்செயல். அப்படி நடப்பதே கைப்பழக்கமாகிவிட்டால் அது வர்ச்சூ.

தமிழ்க் கத்தோலிக்கர் இதற்கு வைத்திருந்த பழைய சொல் புண்ணியம். சின்னக் குறிப்பிடம் என்ற பழைய மறைக்கல்விக் கையேட்டை மனப்பாடம் செய்த தலைமுறைக்கு இது நன்றாகத் தெரியும்: விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் ஆகிய மூன்றும் தேவ சம்பந்தமான புண்ணியங்கள். ஏழு தலையான பாவங்களுக்கு எதிராகத் தாழ்ச்சி, உதாரம், கற்பு, பொறுமை, மட்டசனம், பிறர் சிநேகம், சுறுசுறுப்பு. இதில் மட்டசனம் ஒரு வேடிக்கையான சொல். மட்டு, அசனம் என்று பிரித்தால் அளவான சாப்பாடு. தெற்கே கோயில் அசனம் என்று விருந்து வைக்கிறார்களே, அதே அசனம். எல்லா ஆசைகளையும் அளவில் நிறுத்தும் தன்னடக்கம் தட்டோடு நின்றுபோனது இப்படித்தான்.

புண்ணியத்துக்கும் இதே கதி. தர்மபுரிப் பக்கம் ஒருவரிடம் ‘உங்களுக்குப் புண்ணியமாப் போகும்’ என்றால், ஒரு நல்லது செய், அதற்குப் பலன் மேலே வரவு வைக்கப்படும் என்றுதான் கேட்பவருக்குப் புரியும். பழக்கம், உள்வலிமை என்ற பொருள் அதில் அறவே இல்லை. ஊர்ப் பெயரிலேயே இருக்கிற தர்மமும் பேச்சு வழக்கில் பிச்சை போடுவது என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது. எலத்தகிரி, கோவிலூர் போன்ற பழைய கத்தோலிக்க ஊர்களை விட்டால், தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரு மாவட்டங்களிலும் கத்தோலிக்கப் பள்ளி வகுப்பறையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர் அல்லர். ஆசிரியர் அறையிலும் பல மதத்தவர் உண்டு. அங்கே ‘புண்ணியத் தலைமை’ என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் விளங்காது.

‘ஒழுக்கம்’ நல்ல சொல்தான், குறள் அதற்கு ஓர் அதிகாரமே கொடுத்திருக்கிறது. ஆனால் பள்ளிக்கூடத்தில் ஒழுக்கம் என்றால் டிசிப்ளின்: வரிசையில் நில், முடியை வெட்டு, ஷூ போடு. பள்ளிக்கு வெளியே ஒழுக்கம் என்றால் பாலொழுக்கம், அதுவும் பெரும்பாலும் பெண்ணை நோக்கியே விரல் நீட்டும். ‘ஒழுக்கத் தலைமைப் பயிற்சி’ என்று சர்க்குலர் வந்தால், யார் மேலோ ஏதோ புகார் போல என்றுதான் பணியாளர்கள் நினைப்பார்கள். ‘நற்பண்பு’ இன்றைய திருச்சபைத் தமிழில் நிலைத்துவிட்டது, நன்னெறி வகுப்பிலும் நீதிபோதனையிலும் அதுதான் புழங்குகிறது. குறை ஒன்றுதான்: ரொம்ப மென்மையான சொல். அதில் சிரித்த முகம் தெரிகிறது, முதுகெலும்பு தெரியவில்லை.

தலைமைத்துவம் பற்றியும் ஒரு வார்த்தை. தலை என்பதோடு ‘மை’ சேர்ந்ததும் தலைமை என்ற பண்புப்பெயர் வந்துவிட்டது. அதன்மேல் ‘த்துவம்’ என்ற வடமொழி விகுதியையும் ஒட்டுவது தொப்பிக்கு மேல் தொப்பி. இலங்கைத் தமிழில் இது வேரூன்றிய வழக்கு, அங்கே குறை சொல்வதற்கில்லை. இங்கே தலைமை போதும். தலைமையாசிரியரைத் தலைமைத்துவ ஆசிரியர் என்று யாரும் சொல்வதில்லையே.

சரி, அப்படியானால் எது? என் தேர்வு சான்றாண்மை. குறளின் 99-ஆம் அதிகாரத் தலைப்பு.

‘சால்’ என்ற வினைக்கு நிறைதல், மிகுதல் என்று பொருள். ‘சாலச் சிறந்தது’ என்று பேச்சுப்போட்டியில் பிள்ளைகள் முழங்கும் ‘சால’ இதுதான். சால்பு, சான்ற, சான்றோர் எல்லாம் இதன் கிளைகள். சான்றாண்மையின் இரண்டாம் பாதி ஆண்மை, ‘ஆள்’ என்ற வேரிலிருந்து வந்தது. பரிமேலழகர் இந்த அதிகாரத்துக்கு விளக்கம் சொல்லும்போது, பல குணங்களாலும் நிறைந்து அவற்றை ஆளும் தன்மை என்கிறார். கவனியுங்கள், குணங்கள் இருந்தால் மட்டும் போதாது, அவற்றை ஆளவும் வேண்டும். வர்ச்சூவும் லீடர்ஷிப்பும் இந்த ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. முதலில் ஆளப்படுவது தன் குணம். பிறரை நடத்துவது அதற்குப் பிறகு.

இன்னொரு பொருத்தமும் உண்டு. விர்த்தூஸ் போர்க்களத்திலிருந்து வந்த சொல் என்று பார்த்தோம். சான்றோர் என்பதும் சங்க காலத்தில் வீரரைக் குறித்திருக்கிறது. பதிற்றுப்பத்தில் சேரனைச் ‘சான்றோர் மெய்ம்மறை’ என்கிறார்கள், வீரர்களுக்குக் கவசம் போன்றவன் என்று பொருள். ‘சான்றோன் ஆக்குதல் தந்தைக்குக் கடனே’ என்ற பொன்முடியாரின் புறநானூற்று வரியில் வரும் சான்றோனும் களத்துக்குப் போகிறவன்தான். குறளுக்கு வரும்போது அவனே அன்பு, நாண், ஒப்புரவு, கண்ணோட்டம், வாய்மை என்ற ஐந்து தூண்களின் மேல் நிற்கும் நிறைந்த மனிதனாகிவிட்டான். ரோமாபுரியிலும் தமிழகத்திலும் இந்தச் சொற்கள் ஒன்றையொன்று பார்க்காமலே ஒரே பாதையில் நடந்திருக்கின்றன.

ஆண்மை என்று வருகிறதே, சிஸ்டர்களும் ஆசிரியைகளும் நிறைந்த பள்ளிக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் வேளாண்மையில் இருக்கிற ஆண்மையை நாம் யாரும் ஆண்பால் என்று எடுப்பதில்லை. பள்ளி நிர்வாகியாகிய கரஸ்பாண்டன்டைத் தாளாளர் என்கிறோமே, அதிலும் இதே ‘ஆள்’ இருக்கிறது. தாளாண்மை என்றால் விடாமுயற்சி. ‘தாளாளன் என்பான் கடன்படா வாழ்பவன்’ என்று திரிகடுகம் சொல்கிறது. அதே பாட்டில் கற்றதை மறக்காத மாணவனுக்குக் கோளாளன் என்று பெயர் வருகிறது. ஒரு பள்ளியின் நிர்வாகி, மாணவர் இருவரையும் ஒரே பாட்டில் பிடித்துவிட்டார்கள். பணியாளரும் அப்படியே, பணியை ஆள்பவர். கடைநிலை ஊழியர் வரை அந்தச் சொல் தரும் மதிப்பு ‘ஸ்டாஃப்’ என்பதில் கிடையாது.

இனி, இந்தச் சொல் பள்ளிக்குள் எப்படி நடமாடும் என்று பார்க்கலாம். கத்தோலிக்க மரபில் நான்கு பண்புகளுக்கு முதலிடம்: விவேகம், நீதி, துணிவு, தன்னடக்கம். பிளேட்டோவிடம் இருந்தவை, சாலமோனின் ஞானம் 8:7-லும் வருபவை. நான்காம் நூற்றாண்டில் புனித அம்புரோஸ் இவற்றைக் ‘கார்டினல்’ என்றார். ‘கார்தோ’ என்றால் கதவின் கீல். தமிழில் தலையான பண்புகள் என்று சொல்லும்போது அந்தக் கீல் கழன்றுவிடுகிறது. கதவு திரும்புவது இவற்றின் மேல்தான் என்பதுதான் அம்புரோஸின் பேச்சு.

நான்கில் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பள்ளிகளுக்கு அதிகம் தேவைப்படுவது துணிவு என்பது என் எண்ணம். பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி விடுமுறை முடிந்தும் வரவில்லை. வீட்டில் கல்யாணப் பேச்சு என்று தோழிகள் கிசுகிசுக்கிறார்கள். 2006-ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி 18 வயதுக்கு முன் பெண்ணுக்குத் திருமணம் செய்வது குற்றம், குழந்தைகள் உதவி எண் 1098-க்கு ஒரு போன் போட்டால் அதிகாரிகள் வருவார்கள். இது எல்லா ஆசிரியருக்கும் தெரியும். ஆனால் பெண்ணின் அப்பா ஊரில் பெரிய மனுஷன், ஆசிரியர் அதே பஸ்ஸில்தான் தினமும் போக வேண்டும். தெரிந்ததைச் செய்ய வைக்கிற பலம்தான் சான்றாண்மை. அந்தப் போனை வகுப்பாசிரியர் தனியாளாகப் போடும்படி விடாமல், தலைமையாசிரியர் தன் மேசையிலிருந்தே போடுவது அதன் தலைமைப் பாகம். எப்போது, யாரிடம், எந்த வார்த்தையில் சொன்னால் அந்தப் பெண்ணுக்கு வீட்டில் அடி விழாது என்று யோசிப்பது விவேகம். புருதென்சியா என்ற லத்தீன் சொல்லுக்கு வேர்ப்பொருளே முன்கூட்டிப் பார்த்தல்தான், அதனால் முன்மதி என்ற சொல் இன்னும் நெருக்கமானது.

நீதி தெரியும் இடம் கால அட்டவணை. யாருக்குக் கடைசி பீரியட், யாருக்குப் பதில் வகுப்பு, யாருக்குத் தேர்வுப் பணி என்று பிரிப்பதில் ஒரு தலைமையாசிரியரை முழுசாகப் படித்துவிடலாம். தன்னடக்கம் தெரியும் இடம் பிரம்பு. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் அடிப்பதையும் மன உளைச்சல் தருவதையும் தடைசெய்துவிட்டது, ஆனாலும் நாக்கை அடக்குவது ஆசிரியர் கையில்தான் இருக்கிறது. பெற்றோர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட, பாட்டியோடு இருந்துகொண்டு தாமதமாக வரும் பையனிடம் ‘உங்க வீட்டுல சொல்லிக் குடுக்கலையா’ என்று கேட்காமல் இருப்பது சின்ன விஷயம் இல்லை.

இந்தக் கடினமும் கனிவும் ஒருவரிடமே இருக்க முடியுமா? தர்மபுரி தகடூர் என்று அழைக்கப்பட்ட காலத்தில், அதியமான் நெடுமான் அஞ்சியைப் பார்த்து ஔவை பாடியது இதைத்தான் (புறநானூறு 94). ஊர்ச் சிறுவர்கள் தன் வெண்தந்தத்தைக் கழுவும்படி நீர்த்துறையில் படுத்துக் கிடக்கும் பெருங்களிறு போல எங்களுக்கு இனியவன் நீ, பகைவருக்கோ அதே யானை மதம் கொண்டது போல என்கிறார். பலம் இல்லாததால் யானை சும்மா கிடக்கவில்லை. அந்தப் பலத்தை அது ஆள்கிறது. அக்குவினாஸ் பெருந்தன்மை என்ற பண்பையும் தாழ்ச்சியையும் ஒன்றுக்கொன்று முரண்படாத துணைகளாக வைத்ததும் இதே கருத்துதான்.

திருச்சபை ஆவணங்களில் இந்தச் சொல்லுக்கு இடம் எங்கே? 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவக் கல்வி பற்றி வெளியிட்ட அறிக்கை, கத்தோலிக்கப் பள்ளியின் நோக்கம் நிறைவேறுவது ஏறக்குறைய முழுவதும் ஆசிரியர்களைப் பொறுத்தது என்கிறது. பத்து ஆண்டு கழித்துத் திருத்தந்தை ஆறாம் பவுல், இக்கால மனிதர் ஆசிரியர்களைவிடச் சாட்சிகளையே விரும்பிக் கேட்கிறார்கள், ஆசிரியர்களைக் கேட்டால் அவர்கள் சாட்சிகளாக இருப்பதால்தான் என்று எழுதினார். தமிழ்த் திருச்சபை சாட்சி வாழ்வைச் ‘சான்று வாழ்வு’ என்கிறது. அந்த வகையில் சான்றாண்மை என்ற சொல் கத்தோலிக்கக் காதுக்குப் பாதி பழகியதுதான். குறள் படித்த எந்த ஆசிரியருக்கும் முழுசாகவே பழகியது. ஆசிரியர் அறையில் எல்லாருக்கும் பொதுவாக இருக்கக்கூடிய சொல் இப்படித்தானே இருக்க முடியும்?

அரிஸ்டாட்டிலின் வரம்பை ஒப்புக்கொண்டால், ஜூன் மாதம் ஒரு நாள் கருத்தரங்கு வைத்து, சாப்பாடு போட்டு, சான்றிதழ் கொடுத்து அனுப்புவதைச் சான்றாண்மைப் பயிற்சி என்று சொல்ல முடியாது. அது அறிமுகம். பயிற்சி என்பது இளைய ஆசிரியருக்குச் சின்னச் சின்னப் பொறுப்பைக் கொடுத்து, தப்பு நடந்தால் தாங்கிப் பிடித்து, திரும்பச் செய்ய விடுவது. விளையாட்டு விழாவின் கணக்கு வழக்கை ஒருவரிடம் கொடுத்து, ரசீதோடு எல்லார் முன்னாலும் படிக்கச் சொல்வது நீதியில் பயிற்சி. பெற்றோர் கூட்டத்தில் கத்துகிற அப்பாவை ஒரு மூத்த ஆசிரியர் எப்படிச் சமாளிக்கிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது தன்னடக்கத்தில் பயிற்சி. அலுவலக எழுத்தருக்கும் வேன் ஓட்டுநருக்கும் ஆயாவுக்கும் இதில் பங்கு உண்டு. காலையில் வேனில் ஏறும் குழந்தை அன்று முதலில் பார்க்கும் பள்ளிப் பணியாளர் ஓட்டுநர்தான்.

எழுதுகிறவர்களுக்குச் சில வழக்குக் குறிப்புகள். சுற்றறிக்கையில் ‘பணியாளர் சான்றாண்மைப் பயிற்சி’ என்று போட்டால் போதும், தலைமை என்று தனியே சேர்க்க வேண்டாம். சேர்த்தே ஆக வேண்டும் என்றால் ‘சான்றாண்மைத் தலைமை’, நடுவில் ‘த்’ மிகும். பெயரடையாக வேண்டுமானால் ‘சால்புடைய’ என்று எழுதலாம்: சால்புடைய தலைமையாசிரியர். ஒருவரைச் சுட்டுவதற்குச் சான்றோர் சரியான சொல்தான். ஆனால் தென் மாவட்டங்களில் அது ஒரு சமூகத்தின் பெயராகவும் வழங்குவதால், அங்கே போகும் அறிக்கையில் ‘சால்புடையோர்’ குழப்பம் தராது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இது எதுவும் வேண்டாம், நற்பண்பு என்றே சொல்லலாம்.