பிரிக்பீல்ட்ஸில் கசிந்தால் தென் துருவத்தில் ஓட்டை

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுப் பழைய ஏர்கோனுக்கு கேஸ் ஏற்ற வந்த அண்ணன், "இது இன்னும் ஆர்22. இப்பல்லாம் ஆர்32தான்" என்றார். ஆர்22 கசிந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். "ஓசோன்ல ஓட்டை விழும்" என்று உச்சியைக் காட்டினார்.

ஆனால் கோலாலம்பூருக்கு மேலே ஓட்டை கிடையாது. அது அண்டார்டிகாவில் விழுகிறது. கேஸ் இங்கே, ஓட்டை அங்கே. எப்படி?

முதலில் ஓசோனைப் பார்ப்போம். மூன்று ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்த மூலக்கூறு அது. பெரும்பகுதி 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் பரவிக் கிடக்கிறது. அத்தனையையும் தரைக்கு இறக்கி அமுக்கினால் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வரும், ஒரு தோசைக் கனம். நம் தலைக்கு மேலே அதைவிடவும் குறைவு. வெயில் அதிகமான வெப்பமண்டலத்தில்தான் ஓசோன் நிறைய உண்டாகிறது. ஆனால் உயரக் காற்றோட்டம் அதைத் துருவங்களை நோக்கி அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. சமைப்பது நாம், சாப்பிடுவது வேறு ஆள்.

அதே காற்று கசிந்த கேஸையும் உலகமெங்கும் கலக்கிவிடுகிறது. பழைய ஃபிரிஜ்களில் இருந்த ஆர்12 எதனோடும் எளிதில் வினைபுரியாது. மேலே போனதும் புற ஊதாக் கதிர் அதை உடைத்து குளோரினை விடுவிக்கிறது. ஒரு குளோரின் அணு ஓர் ஓசோனை உடைத்துவிட்டு, திரும்ப விடுபட்டு அடுத்ததைப் பிடிக்கும், இப்படி ஆயிரக்கணக்கில். இந்த ஆபத்தை 1974-இல் வேதியியலாளர்கள் மொலினாவும் ரோலண்டும் சொன்னார்கள்.

சரி, ஏன் அண்டார்டிகா? மற்ற இடங்களில் குளோரினில் பெரும்பகுதி வேறு சேர்மங்களில் பூட்டப்பட்டு சும்மா கிடக்கும். அங்கே குளிர்காலத்தில், சுமார் மைனஸ் 78 டிகிரிக்குக் கீழே, அவ்வளவு உயரத்திலும் மேகம் உண்டாகிறது. அந்த மேகத் துகள்களின் மேல்தான் பூட்டு திறக்கிறது. செப்டம்பரில் சூரியன் திரும்பியதும் அழிப்பு தொடங்குகிறது. இந்த ஓட்டையை 1985-இல் அண்டார்டிகாவின் ஹாலி ஆய்வு நிலையத்து அளவீடுகள் காட்டிக்கொடுத்தன. இத்தகைய கேஸ்களைக் கட்டுப்படுத்த 1987-இல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் என்ற உலக உடன்பாடு வந்தது. 1989-இல் மலேசியாவும் சேர்ந்தது.

ஆர்22 ஓசோனைக் கெடுப்பது ஆர்12-ஐவிட மிகக் குறைவு, பெரும்பகுதி கீழேயே சிதைந்துவிடும். ஆர்32-இல் குளோரினே இல்லை, பூமியைச் சூடாக்கும் குணம் மட்டும் இருக்கிறது. அண்டார்டிகா ஓசோன் 1980 அளவுக்குத் திரும்ப 2066 வாக்கில் ஆகும் என்பது கணிப்பு. ஆர்12 நூறு ஆண்டு அளவுக்குத் தாக்குப்பிடிக்கும். எண்பதுகளில் கசிந்ததில் பாதிக்கு மேல் இன்னும் காற்றில்தான் இருக்கிறது.

"பழைய கேஸைத் திறந்து விட்டுடாதீங்க அண்ணே, சிலிண்டர்ல பிடிச்சிருங்க" என்றேன். அதற்குத் தனி மெஷின் வேண்டுமாம். அடுத்த வாரம் கொண்டு வருகிறேன் என்று போயிருக்கிறார்.