மலம் தெளிந்தால் புண் இரத்தம் நின்றதாகுமா? சீன மூலிகை ஆய்வில் ஒரு கண்ணி

இரைப்பைப் புண்ணில் இரத்தம் கசியும்போது சீன மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கொடுத்துவரும் கிழங்கு தாஹுவாங், அதாவது 'பெருமஞ்சள்'. நம் நாட்டு மருந்துக் கடைகளில் ரேவல்சின்னி என்று விற்பது பெரும்பாலும் இதன் இமயமலை உறவு. இனம் வேறு, எனவே ஒன்றுக்கு ஒன்று மாற்று அல்ல.

இந்தக் கிழங்கின் ஆல்கஹால் சாற்றை மாத்திரையாக்கிச் சோதித்த ஒரு சீன ஆய்வு 1990இல் வெளியானது. புண்ணில் இரத்தம் கசிந்த 312 பேர், மூன்று தாஹுவாங் இனங்கள், மூன்றிலும் 90 சதவீதத்துக்கு மேல் பலன். யாருக்கு எந்த மாத்திரை என்று நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாத இரட்டை மறைப்பு முறையும் இருந்தது. ஆனாலும் ஒப்பிட்டது தாஹுவாங்கோடு தாஹுவாங்கைத்தான். புண் இரத்தக்கசிவு ஏறத்தாழ 80 சதவீதம் பேருக்குத் தானாகவே நிற்கும். அந்த இயல்பைக் கழித்துப் பார்க்க இங்கே வழியில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் அளவுகோலில் இருக்கிறது. மலத்தில் மறை இரத்தம் (கண்ணுக்குத் தெரியாமல் சோதனையில் மட்டும் தெரியும் இரத்தம்) இல்லாமல்போக எத்தனை மணி நேரம் ஆனது என்று அளந்தார்கள். சராசரி 53 முதல் 57 மணி. தாஹுவாங்கோ பேதி மருந்து. குடலில் தேங்கிய பழைய இரத்தத்தை அது வேகமாக வெளியேற்றிவிடும். புண் கசிந்துகொண்டிருக்கும்போதே மலம் சீக்கிரம் தெளிந்ததுபோல் தோன்ற இடமுண்டு. எண்டோஸ்கோப்பியில் (வாய்வழியே குழாய்க் கேமரா செலுத்திப் பார்ப்பதில்) புண்ணின் நிலை, 7 நாளுக்குள் மறுகசிவு, ஏற்றிய இரத்த யூனிட்டுகள், 30 நாள் இறப்பு ஆகியவற்றைக் கணக்கிட்டால்தான் மருந்தின் வேலை தெரியும்.

மூலப்பொருளிலும் தவறு நுழையும். பேதியாக்குவது சென்னோசைடு, துவர்ப்பால் சுருக்குவது டானின். நெடுநேரம் கொதித்தால் பேதிக் குணம் குறையும். இரத்தக்கசிவுக்கென்று கிழங்கை வெளியே கருகவும் உள்ளே அடர்பழுப்பாகவும் வறுப்பார்கள். சாம்பலாகிவிட்டால் மருந்துச் சரக்கே மிஞ்சாது. சீன மருந்தியல் நூல், கிழங்கின் முக்கிய மருந்துச் சரக்குகளான ஐந்து ஆந்த்ராகுவினோன்களும் சேர்ந்து குறைந்தது 1.5 சதவீதம் இருக்கவேண்டும் என்கிறது. 365 நானோமீட்டர் புற ஊதா ஒளியில் கிழங்கின் சாற்றில் பளிச்சென்ற ஊதா ஒளிர்வு நீடித்தால், ராபான்டிசின் உள்ள தரக்குறைவான இனம் கலந்திருக்கிறது என்று அந்தத் தொகுதியைத் தள்ளிவிட வேண்டும்.

மூலிகையிலிருந்து புண்ணுக்கு நல்ல மருந்து பிறக்கவே பிறக்காது என்பதில்லை. அதிமதுரத்திலிருந்து வந்த கார்பெனாக்சலோன் 1960களில் புண்ணை உண்மையாகவே ஆற்றியது. ஆனால் உப்பும் நீரும் உடலில் தங்கின, பொட்டாசியம் சரிந்தது, இரத்த அழுத்தம் ஏறியது. அமிலத்தைக் குறைக்கும் மருந்துகள் வந்ததும் அது ஒதுங்கிப்போனது.

தார்போலக் கறுத்த மலம், இரத்த வாந்தி, எழுந்தால் தலைசுற்றல் என்றால் எந்தச் சூரணத்துக்கும் காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனை, பொதுவாக 24 மணி நேரத்துக்குள் எண்டோஸ்கோப்பி. கருக்கிய மூலிகைப் பொடியும் இரும்பு மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கி மருத்துவரைக் குழப்பலாம். சாப்பிட்ட பொடியின் பொட்டலத்தையும், ஆஸ்பிரின் முதலான வலி மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துப்போய்க் காட்டுங்கள்.