கிராமபோன் குழாயின் கழுத்தைப் பாருங்கள்

மும்பை சோர் பஜாரின் மட்டன் தெருவில் நடந்தால், பித்தளைக் குழாய் பளபளக்கும் ஒரு கிராமபோனாவது கண்ணில் படும். மாட்டுங்காவில் இருக்கும் என் சித்தப்பா அப்படி ஒன்றை வாங்கி வந்து, "நூறு வருஷப் பழசுடா" என்றார். தாத்தா காலத்து நாதஸ்வர இசைத்தட்டைப் போட்டோம். தகர டப்பாவுக்குள் கொசு பாடியது.

குழாய் ஒலியை உண்டாக்குவதில்லை. தட்டின் பள்ளத்தில் ஊசி ஆட, அந்த ஆட்டம் சவுண்ட் பாக்ஸில் இருக்கும் மைக்கா தகட்டை அசைக்கிறது. காசைவிடக் கொஞ்சம் பெரிய, சின்னத் தகடுதான். அது தள்ளும் காற்று பிடி கொடுக்காமல் விலகிவிடும். கரண்டிக் காம்பால் அண்டாத் தண்ணீரைக் கலக்குகிற கதைதான். குறுகலான கழுத்துக்குள் அடைத்தால் காற்று தகட்டுக்குப் பிடி கொடுக்கும். அப்புறம் குழாய் மெல்ல மெல்ல விரிந்து, அந்த அழுத்தத்தை அறை முழுவதும் இருக்கும் காற்றிடம் ஒப்படைக்கிறது. திருவிழாவில் மரத்தில் கட்டும் குழாய் ஸ்பீக்கருக்கும் இதே சூத்திரம்தான்.

வாயின் அகலத்துக்கும் கணக்கு உண்டு. 60 செ.மீ. விட்டம் என்றால் சுற்றளவு சுமார் 1.9 மீட்டர். அலைநீளம் அதைவிடக் கூடினால், அதாவது ஏறக்குறைய 180 ஹெர்ட்ஸுக்குக் கீழே, ஒலி வெளியேறத் தடுமாறும். தம்புராவின் மந்தர ஸட்ஜத்தைக் குழாய் விழுங்கிவிடும். மேலே ஒலிக்கும் ஸ்வரங்களை வைத்து நம் காதே அதை ஊகித்துக்கொள்ளும்.

சரி, பழசு என்று விற்கும் போலிகளுக்கு நடுவே அசலை எப்படி அடையாளம் காண்பது? தட்டுக்குப் பதில் உருளையில் ஒலியைப் பதிந்த எடிசனின் போனோகிராஃபில் பெரிய குழாய் சங்கிலியில் தொங்கும். அதனால் குழாயில் ஒரு வளையம் இருக்கும். கழுத்தை ரப்பர்க் குழல் இணைக்கும். ஆரம்பத்தில் நேரான கூம்பு, பிறகு ஊமத்தம்பூ போல இதழ் இதழாய் விரிந்த 'மார்னிங் குளோரி', 1909இல் அன்னக் கழுத்தாய் மேலெழுந்து வளையும் 'சிக்னட்'. தட்டு கிராமபோனில் முதலில் குழாய் சவுண்ட் பாக்ஸுடனேயே சேர்ந்திருந்தது. 1903 வாக்கில் விக்டர் கம்பெனி, சவுண்ட் பாக்ஸைத் தாங்கி, போகப்போக அகலமாகும் ஒலிக்கையை (டோன் ஆர்ம்) கொண்டுவந்தது. குழாய் பின்பக்கம் போனது. கையே குழாயின் முதல் துண்டானது.

போலிகள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டிக்கொள்கின்றன. ஒரே பருமனில் ஒரு கை, தடித்த ஒரு முழங்கை வளைவு, திடீரென்று அகன்ற குழாய். அகலம் தாவும் இடத்தில் ஒலியின் ஒரு பகுதி திரும்பி ஓடிவிடும். காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்: பழைய இதழ்க் குழாய்கள் பல பெயின்ட் அடித்த எஃகுதான், ஆனால் அசல் பித்தளைக் குழாயும் உண்டு. பெட்டியில் குழாய் முன் உட்கார்ந்திருக்கும் எச்.எம்.வி. நாய்ப் படம் இருப்பதும் சாட்சி ஆகாது. அந்தப் புகழ்பெற்ற ஓவியத்திலேயே ஓவியர் பாரோ முதலில் வரைந்தது உருளைக் கருவியை. 1899இல் அதன் மேலேயே கிராமபோனை வரைந்து மாற்றினார்.

சித்தப்பாவின் கருவியில் சவுண்ட் பாக்ஸ் முதல் முழங்கை வரை ஒரே பருமன். குழாயை மட்டும் கழற்றி, குறுகிய முனையில் என் போன் ஸ்பீக்கரை ஒட்டிப் பிடித்தேன். நாதஸ்வரம் பக்கத்து வீடு வரை கேட்டது.