மீன் ஆடுகிறதா? போத்தலைத் தொட்டுப் பாருங்கள்

போன தை மாதத்தில் ஒருநாள், சிகிச்சை அறைக் கதவைத் திறக்கும்போதே வாசலில் ஒரு சிறுமி நின்றிருந்தாள். பாடசாலைச் சீருடைக்கு மேல் கம்பளிச் சட்டை, கையில் ஜாம் போத்தல், போத்தலுக்குள் ஒரு கறுப்பு மொலி மீன். பின்னால் அவளுடைய தாத்தா.

"டொக்டர், மூன்று நாளாக இது இப்படியே ஆடிக்கொண்டிருக்கிறது. சாப்பிடவும் இல்லை."

மீன் ஓர் அங்குலமும் முன்னே போகவில்லை. செட்டைகளை உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே தலையையும் வாலையும் மாறி மாறி அசைத்துக்கொண்டிருந்தது. குளிரில் நடுங்கும் பிள்ளையைப் போல என்று சொல்லலாம், அதுதான் உண்மையும்கூட.

"வலிப்பாக இருக்குமோ ஐயா? பாமசியில் ஒரு கெப்சியூல் வாங்கி உடைத்துப் போட்டோம்" என்றார் தாத்தா.

போத்தலைக் கையில் வாங்கியதுமே பாதி விளங்கிவிட்டது. வெப்பமானி 16 பாகை காட்டியது. பனியில் நடந்து வந்ததில் கொஞ்சம் ஆறியிருக்கும் என்று விட்டாலும், தொட்டி இருந்த இடத்தைக் கேட்டபோது மீதியும் தெரிந்தது: லயன் வீட்டு ஜன்னல் ஓரம், மேலே தகரக் கூரை, 25 லீற்றர் கண்ணாடித் தொட்டி. ஹட்டனில் தை மாத இரவு எப்படியிருக்கும் என்று இங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் அந்த மாதங்களில் புல்லின் மேல் உறைபனியே விழுகிறது.

மொலி, கப்பி, பிளாட்டி எல்லாம் மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்காவின் வடக்குப் பக்கத்து வெந்நாட்டு மீன்கள். 24 முதல் 28 பாகை வரை வெப்பம் வேண்டும். மீனின் உடம்புச் சூடு தண்ணீரின் சூடுதான். தண்ணீர் ஆறினால் செரிமானமும் நோய் எதிர்ப்பும் சேர்ந்தே ஆறிவிடுகின்றன. மொலிக்கு இன்னொரு தேவையும் உண்டு: தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து இருக்க வேண்டும். யாழ்ப்பாணத்து உறவினர் வீட்டுக் கேத்தலின் அடியில் வெள்ளைப் பொருக்கு படிவதைப் பார்த்திருப்பீர்கள். நம் வீட்டுக் கேத்தலில் அது படிவதில்லை. சவர்க்காரம் போட்டால் நுரை கழுவி முடியாத அளவுக்கு மென்மையான தண்ணீர் நமது. நமக்கு நல்லது, மொலிக்கு அது பட்டினி.

ஆகவே அந்த மீனுக்கு நான் மருந்து எதுவும் கொடுக்கவில்லை. தொட்டியை ஜன்னலிலிருந்து எடுத்து உள்சுவரோரம் வைக்கச் சொன்னேன். அடியிலும் மூன்று பக்கமும் ரெஜிபோம் அட்டை, மேலே மூடி, முடிந்தால் 50 வாட் ஹீட்டர். ஒரே நாளில் சூடேற்றக் கூடாது. நாளுக்கு இரண்டு பாகை போதும். கழுவி நொறுக்கிய கடற்சிப்பியை ஒரு துணிப்பையில் கட்டி, தண்ணீர் ஓடும் பில்டருக்குள் போட வேண்டும். கெப்சியூல் போட்ட தண்ணீரில் தினமும் கால் பங்கை மாற்ற வேண்டும். ஒரு வாரம் கழித்துத் தாத்தாவை பஸ் நிலையத்தில் கண்டேன். மீன் ஆடுவதை நிறுத்திவிட்டதாம். இப்போது பேத்திதான் விடிய விடிய எழுந்து வெப்பமானியைப் பார்க்கிறாளாம்.

அன்டிபயோட்டிக் கெப்சியூலைப் பற்றிக் கொஞ்சம் கோபமாகவே எழுத வேண்டியிருக்கிறது. மீன் எப்படி நடந்துகொண்டாலும் நம் ஆட்களின் முதல் வைத்தியம் அதுதான். மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அமோனியா உண்டாகிறது. பில்டர் பஞ்சில் குடியிருக்கும் பக்டீரியா அதை முதலில் நைத்திரைற்றாகவும், பிறகு அவ்வளவு தீங்கில்லாத நைத்திரேற்றாகவும் மாற்றுகிறது. புதுத் தொட்டியில் இந்தக் கூட்டம் வளர்வதற்கே நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். குளிரில் இன்னும் கூடுதலாக எடுக்கும். நோய்க் கிருமியைக் கொல்லப் போட்ட அன்டிபயோட்டிக் இந்த நல்ல பக்டீரியாவையும் சேர்த்துக் கொன்றுவிடலாம். பிறகு அமோனியா ஏறுகிறது, மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது, செவுள் சிவக்கிறது. "மருந்துக்கும் கேட்கவில்லை" என்று சொல்லி இரண்டாவது கெப்சியூலை உடைக்கிறார்கள். பில்டர் பஞ்சைக் குளோரீன் கலந்த நகரசபைக் குழாய் நீரில் பளிச்சென்று கழுவுவதும் இதே வேலையைத்தான் செய்கிறது. தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில் அலசினால் போதும்.

மீன் கல்லிலும் செடியிலும் உடம்பைத் தேய்த்துக்கொண்டு பாய்கிறது, இரண்டு நாளில் மேலெல்லாம் உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளி என்றால் அது வேறு கதை. தோலுக்கடியில் புகுந்து வளரும் ஓர் ஒட்டுண்ணியின் வேலை. மலைநாட்டில் இதற்கு மருத்துவம் தோற்பதன் காரணம் நாட்காட்டி. முற்றிய புள்ளி மீனைவிட்டு உதிர்ந்து, தரையில் ஒட்டி, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரிந்து மறுபடி மீனைத் தேடி வருகிறது. நீந்தித் திரியும் அந்தக் குஞ்சுப் பருவத்தில்தான் மருந்தோ உப்போ அதைக் கொல்லும். 25 பாகையில் இந்தச் சுற்று ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். 10 பாகையில் ஒரு மாதத்துக்கு மேலும் இழுக்கும். மூன்றாம் நாள் புள்ளிகளைக் காணோம் என்று மருந்தை நிறுத்துகிறவர், அவை தரையில் குட்டி போட்டுக்கொண்டிருப்பதை அறியமாட்டார். வெந்நாட்டு மீனாக இருந்தால் தண்ணீரை மெல்ல 28 பாகைக்குக் கொண்டுவந்து, லீற்றருக்கு ஒரு கிராமில் தொடங்கி இரண்டு மூன்று கிராம் வரை உப்பைப் படிப்படியாகக் கரைத்து, கடைசிப் புள்ளி மறைந்த பின்னும் ஒரு வாரமாவது தொடர வேண்டும். சூடான தண்ணீரில் ஒட்சிசன் குறைவு என்பதால் காற்றுப் பம்பை நிறுத்தவே கூடாது. கோல்ட் பிஷ் வைத்திருப்பவர்கள் இந்த அளவு சூடேற்ற வேண்டாம். அது குளிர்நீர் மீன்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொரு தொட்டி. தோட்டமொன்றில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர், ஆனி மாத மழைக்குள் வந்தார். நாற்பது கப்பிகள். முதல்நாள் மாலை தண்ணீர் மாற்றினாராம். காலையில் எல்லாம் மேல்மட்டத்தில் திணறிக்கொண்டிருக்கின்றனவாம், சில சுழன்று சுழன்று விழுகின்றனவாம். தண்ணீர், மலையிலிருந்து வழியும் பீலியிலிருந்து பிடித்தது. அதில் குளோரீன் கிடையாது. அமோனியாவைச் சோதித்தேன், இல்லை. சூடும் பரவாயில்லை. ஒட்சிசன் குறைந்திருக்குமோ என்று காற்றுப் பம்பைக் கேட்டேன், ஓடுகிறதாம்.

"தம்பி, தொட்டியில் நத்தை இருந்ததா?"

"இருந்தது டொக்டர். அவைதான் இரவே செத்துவிட்டன. நத்தைதானே என்று விட்டுவிட்டேன்."

செவுளைப் பார்த்தேன், சளி படர்ந்திருந்தது. நத்தை முதலில், மீன் பிறகு என்றால் எனக்கு முதலில் செம்பின் மேல்தான் சந்தேகம் வரும். தேயிலையில் கொப்புள நோய்க்குத் தெளிக்கும் மருந்துகளில் செம்பு உண்டு. மழைக்காலம்தான் அந்த நோய்க்கும் காலம். பீலிக்கு மேலே உள்ள மலையில் இரண்டு நாளுக்கு முன் மருந்து அடித்தார்கள் என்று அவரே சொன்னார். ஆய்வுகூட அறிக்கை எதுவும் என்னிடம் இல்லை, ஆகவே இது என் ஊகம்தான். ஆனால் வேறு எதுவும் பொருந்தவில்லை. குடிநீரில் செம்புக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை லீற்றருக்கு 2 மில்லிகிராம். சுண்ணாம்பில்லாத மென்தண்ணீரில் கப்பியைக் கொல்ல அதில் இருபதில் ஒரு பங்கே போதும். மனிதன் குடித்து ஒன்றும் ஆகாத தண்ணீரில் மீன் சாவது இப்படித்தான்.

மிஞ்சிய மீன்களை, கூரைக்கடியில் முன்பே சேர்த்து வைத்திருந்த மழைநீருக்கு மெதுவாக மாற்றச் சொன்னேன். வெறும் மழைநீரில் உப்புச் சத்தே இராது என்பதால் கொஞ்சம் சிப்பி, கொஞ்சம் உப்பு, பில்டரில் கரித்தூள் பை. பாதிக்குக் கொஞ்சம் குறைவாகப் பிழைத்தன. அதிலிருந்து அவர் பீலித் தண்ணீரை நேராகத் தொட்டிக்குள் விடுவதில்லை. வாளியில் இரண்டு நத்தையை ஒரு நாள் விட்டுப் பார்த்த பிறகுதான். நான் சொல்லிக் கொடுத்ததல்ல, அவராகவே கண்டுபிடித்தது.

இன்னொன்று: கடையில் விற்கும் சில வெள்ளைப்புள்ளி மருந்துகளிலும் செம்பு இருக்கிறது. லேபிளைப் படியுங்கள். நம் தண்ணீரில் அவற்றின் 'வழக்கமான அளவு' என்பது வழக்கமானதல்ல. நாகம் (துத்தநாகம்) பூசிய தகர வாளியில் இரவெல்லாம் தண்ணீர் தேக்குவதும் வேண்டாம்.

கோல்ட் பிஷ் வயிற்றை மேலே காட்டி மிதந்தால் இரண்டு மூன்று நாள் தீனி போடாதீர்கள். பிறகு தோலுரித்து அவித்த பச்சைப் பட்டாணியில் சிறு துண்டு. பல சமயம் அதுவே போதும். பைட்டர் மீன் மேலே வந்து காற்றை விழுங்குவது நோயே அல்ல. அதன் உடலமைப்பு அப்படி. விளக்கணைத்த பின் மீன் அடியில் அசையாமல் கிடந்தால் அது தூங்குகிறது, எழுப்பாதீர்கள்.

என்னிடம் வருவதானால் மூன்று போத்தல் கொண்டுவாருங்கள்: ஒன்றில் மீன், ஒன்றில் தொட்டித் தண்ணீர், ஒன்றில் நீங்கள் தண்ணீர் பிடிக்கும் இடத்துத் தண்ணீர். செத்த நத்தை இருந்தால் அதையும்.

பிழைக்காது என்று தெரிந்த மீனை ஓடையில் விடுவதோ கழிப்பறையில் ஊற்றுவதோ வேண்டாம். அது வேதனையோடு சாகும்; நோயும் ஓடையோடு போகும். பாமசியில் கிடைக்கும் கராம்பு எண்ணெயில் சுமார் எட்டுத் துளியை வெதுவெதுப்பான கொஞ்சம் தண்ணீரில் நன்றாகக் குலுக்கி, ஒரு லீற்றர் தொட்டித் தண்ணீரில் கலந்து மீனை அதில் விட்டால் மயங்கிவிடும். செவுள் அசைவு நின்ற பின்னும் அரை மணிநேரம் அப்படியே விடுங்கள். பிறகு மண்ணில் புதைக்கலாம்.