வேவ்ஃபார்ம்: அலைவரிசை அன்று, அலைவடிவம்

ஒலிப்பதிவுகளை இணையத்தில் கேட்பதற்கான செயலி ஒன்றின் தமிழ் இடைமுகத்தில் ‘அலைவரிசையைக் காட்டு’ என்றொரு தேர்வு இருக்கிறது. அதைத் தொடுகிறவர் வானொலி நிலையங்களின் பட்டியலோ தொலைக்காட்சிச் சேனல்களின் பட்டியலோ விரியும் என்றே எதிர்பார்ப்பார். விரிவதோ, பதிவில் ஒலி எங்கே ஓங்குகிறது, எங்கே அடங்குகிறது என்று காட்டும் சாம்பல் நிறக் கோடுகளாலான ஒரு பட்டை. ஆங்கிலத்தில் வேவ்ஃபார்ம் எனப்படும் இந்தப் பட்டைக்கு அலைவரிசை என்னும் பெயர் காணொளிப் பாடங்களிலும் மென்பொருள் மொழிபெயர்ப்புகளிலும் திரும்பத் திரும்பக் காதில் விழுகிறது. பிழையான சொல் பழகிப் போவதற்குள் அதைக் கேள்விக்கு உட்படுத்திவிடுவது நல்லது.

சொற்பிறப்பில் சிக்கல் ஏதும் இல்லை. வேவ் என்பது அலை, ஃபார்ம் என்பது வடிவம். அலை தமிழில் பெயராகவும் வினையாகவும் வழங்கும் பழஞ்சொல். ‘அலைமேற்கொண்டு’ என்று 551ஆம் குறளில் வரும்போது அது வருத்துதலையும் குறிக்கிறது. வடிவம் என்பது வடி என்னும் வினையடியிலிருந்து வந்தது. இரண்டும் சேர்ந்த அலைவடிவம் மின்னணுவியல் தமிழில் முன்பே புழங்கும் சொல்தான். புதிதாகப் புனைய வேண்டிய தேவையே இல்லை.

பொருளைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஒலி என்பது காற்றின் அழுத்தம் நேரத்தோடு ஏறி இறங்குவது. அந்த ஏற்ற இறக்கத்தை, நேரம் இடமிருந்து வலமாகவும் அழுத்தம் மேலும் கீழுமாகவும் அமையுமாறு வரைந்தால் கிடைக்கும் கோட்டின் தோற்றமே அலைவடிவம். பிரான்சைச் சேர்ந்த எதுவார்-லெயோன் ஸ்கொத் த மார்த்தின்வில் 1857இல் காப்புரிமை பெற்ற கருவி, விளக்குக் கரி படிந்த தாளின் மேல் ஒலியின் அதிர்வைக் கீற்றாகக் கீறியது. அந்தக் கீற்றைக் கண்ணால் படிக்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். அதிலிருந்து ஒலியைத் திரும்ப எழுப்பும் எண்ணம் அவருக்கு இருக்கவில்லை. 1860இல் அவர் கீறிய ஒரு பாடல் கீற்றை 2008இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கணினி கொண்டு ஒலிக்கச் செய்தார்கள். ஒலியைக் கேட்பதற்கு வழி பிறக்கும் முன்பே அதன் வடிவத்தைப் பார்ப்பதற்கு வழி பிறந்துவிட்டது என்பதால், இந்தச் சொல்லில் உயிர்நாடியாக இருப்பது வடிவம் என்னும் பாதியே. அலைவரிசை என்று பெயர்ப்பவர்கள் கைவிடுவதும் சரியாக அந்தப் பாதியைத்தான்.

அலைவரிசைக்காக வாதாடுவோர் சொல்வதையும் கேட்டுவிடுவோம். திரையில் தெரிவது ஒன்றன்பின் ஒன்றாக அணிவகுத்த கோடுகள். அவை அலைகளின் வரிசையாகத் தோன்றுகின்றன. ஆகவே அலைவரிசை பொருத்தமே என்கிறார்கள். சொல்லைப் பிரித்துப் பார்த்தால் இது நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் சொல் அகராதியில் தனியே வாழ்வதில்லை. ஏற்கெனவே யாரிடம் எந்த வேலைக்குப் போயிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். அலைவரிசை வானொலியிடமும் தொலைக்காட்சியிடமும் வேலைக்குப் போய்ப் பல காலம் ஆகிவிட்டது. சிற்றலையில் 25 மீட்டர் என்று அறிவிப்பாளர் சொன்ன காலத்தில் ஒரு நிலையம் முகப்பின் எந்த இடத்தில் பிடிபடும் என்பதைக் குறித்த அந்தச் சொல், இன்று சேனல் என்பதற்கே பெயராக நிற்கிறது. இருவரின் எண்ணம் ஒத்துப்போனால் ‘ஒரே அலைவரிசையில் இருக்கிறார்கள்’ என்று பேச்சிலும் சொல்கிறோம். இவ்வளவு பாரத்தைச் சுமக்கும் சொல்லின் தலையில் இன்னொரு மூட்டையையும் ஏற்றிவிட்டு, படிப்பவர் இடமறிந்து புரிந்துகொள்வார் என்று விட்டுவிடுவது மொழிபெயர்ப்பாளரின் சோம்பலே தவிர வேறில்லை. ஒலிப்பதிவுச் செயலியில் இடமும் கைகொடுப்பதில்லை. ஏனெனில் அதே செயலியில் வானொலியும் இருக்கும், சேனலும் இருக்கும்.

வேறொரு கேடும் இதில் உண்டு. அலைவரிசை என்பதைப் பலர் அதிர்வெண் என்னும் பொருளிலும் ஆள்கிறார்கள். தமிழ்நாட்டுப் பாடநூல் அதிர்வெண் என்கிறது, இலங்கைப் பாடநூல் மீடிறன் என்கிறது. இரண்டுமே தெளிவான சொற்கள். ஒரு வினாடிக்கு எத்தனை அதிர்வு என்னும் கணக்கு அது. அலைவடிவப் பட்டையோ அதிர்வெண்ணை அறவே காட்டாது, காட்டுவது வீச்சை, அதாவது அழுத்தம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதை. அதிர்வெண்ணைக் காட்டும் படமும் இதே இயக்கிகளில், அதாவது ஒலியை ஓடவிடும் பிளேயர்களில், உண்டு. எந்த நேரத்தில் எந்தெந்த அதிர்வெண்கள் வலுவாக இருந்தன என்று வண்ணத்தில் தீட்டும் நிறமாலைப் படம் அது. இரண்டுக்கும் பொத்தான் வைக்கும் நாளில், அலைவரிசை என்று முதலதற்குப் பெயர் சூட்டியவர் இரண்டாவதற்கு என்ன சொல்வார்? அலைக்கற்றை என்பார் போலும். 2ஜி ஒதுக்கீட்டு வழக்கின் மூலம் வீடுதோறும் அறிமுகமான சொல் அது. அதையும் இங்கே இழுத்துவிட்டால், பாட்டு கேட்க வந்தவருக்கு ஒழுங்குமுறை ஆணையத்தின் அறிக்கையைப் படிப்பது போலத் தோன்றும்.

சிலர் அலைநீளம் என்றும் எழுதிவருகிறார்கள். அது ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரையுள்ள தொலைவு. எட்டாம் வகுப்புப் பிள்ளை திருத்திவிடக்கூடிய பிழை என்பதால் அதற்கு இதற்கு மேல் இடம் தரவில்லை.

அலைவடிவத்துக்கு எதிராகவும் ஒரு வாதம் இருக்கிறது. அதை எளிதில் தள்ள முடியாது. வலைப்பக்கத்தின் இயக்கியில் தெரிவது உண்மையில் அலையின் வடிவமா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நான்கு நிமிடப் பாடலை வினாடிக்கு 44,100 மாதிரிகள், அதாவது அழுத்தத்தை அளந்த எண்கள், வீதம் பதிந்தால் இடம், வலம் என்னும் தடங்களில் ஒன்றில் 1,05,84,000 மாதிரிகள் இருக்கும். பட்டையின் அகலம் 800 படப்புள்ளிகள் என்றால், ஒரு படப்புள்ளியின் பங்குக்கு 13,230 மாதிரிகள், அதாவது 0.3 வினாடி, வந்து சேரும். வினாடிக்கு 440 அதிர்வு கொண்ட ஒரு சுரம் அந்த ஒற்றைப் படப்புள்ளிக்குள் 132 முறை ஏறி இறங்கி முடித்துவிடும். இத்தனையையும் ஒரே செங்குத்துக் கோட்டில் காட்ட வேண்டியிருப்பதால், நிரலர் அந்த 13,230 எண்களில் மிகப் பெரியதையும் மிகச் சிறியதையும் மட்டும் எடுத்து இரண்டையும் இணைத்துக் கோடு போடுகிறார். நாம் பார்ப்பது முகடுகளின் எல்லையை. அலை உள்ளே ஒளிந்துகொண்டிருக்கிறது. ஆகவே ‘முகட்டுவரை’ என்பது போன்ற தனிச்சொல்லே சரி என்று ஒருவர் வாதிட்டால் அதில் உண்மை இருக்கிறது. பிபிசியின் ஆய்வுப் பிரிவு இதற்காக உருவாக்கி வெளியிட்ட ஜாவாஸ்கிரிப்ட் கூறுக்குப் பீக்ஸ், அதாவது முகடுகள், என்றே பெயர்.

ஆயினும் அலைவடிவத்தையே நான் தேர்ந்தெடுப்பேன். படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் கோடுகளின் காடு கலைந்து, ஒற்றை அலை நெளிந்து தெரிகிறது. இன்னும் பெரிதாக்கினால் ஆடாசிட்டி போன்ற தொகுப்பு மென்பொருள்களில் ஒவ்வொரு மாதிரியும் தனிப்புள்ளியாகவே நிற்கிறது. இடையில் எங்கும் படம் மாறவில்லை, அளவு மட்டுமே மாறியிருக்கிறது. மாவட்ட வரைபடத்தில் ஆறு ஒரு நீலக்கோடாகத் தெரிகிறது என்பதற்காக அதை ஆறு என்று சொல்லாமல் விடுவதில்லை. முகடு என்னும் சொல்லை வேறு இடத்துக்கு, அந்தப் பெரிய எண்ணையும் சிறிய எண்ணையும் சேமித்து வைக்கும் கோப்புக்கு, ஒதுக்கிவிடலாம். அதை முகட்டுத் தரவு எனலாம்.

அந்தக் கோப்புக்குத் தனிப்பெயர் வேண்டும் என்பதற்கு வலுவான காரணம் உண்டு. இயக்கியில் அலைவடிவத்தைச் சேர்க்க முனையும் புதியவர் பெரும்பாலும் இடறி விழுவது இங்கேதான். உலாவியிடம் முழு ஒலிக்கோப்பையும் கொடுத்து விரித்துத் தரச் சொல்வது எளிது; ஒரு கட்டளையில் முடிந்துவிடும். ஆனால் உலாவி ஒவ்வொரு மாதிரியையும் 4 பைட் எண்ணாக விரிக்கிறது. ஒரு மணி நேர இருதடப் பேச்சு, எம்பி3 கோப்பாக எவ்வளவு சிறியதாயினும், 44,100 வீதத்தில் விரிந்ததும் நினைவகத்தில் ஏறக்குறைய 1.27 ஜிபி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். எளிய கைபேசி அங்கேயே திணறி நின்றுவிடும். இதைத் தவிர்க்க, பதிவேற்றும்போதே வழங்கியில், அதாவது சர்வரில், முகடுகளைக் கணக்கிட்டு வைத்துவிடுவார்கள். பிபிசி வெளியிட்ட ஆடியோவேவ்ஃபார்ம் என்னும் கட்டற்ற நிரல் இதற்கென்றே உள்ளது. 256 மாதிரிகளுக்கு ஓர் இணை முகடு என்று வைத்து, இரு தடங்களையும் ஒன்றாக்கி, 8 பிட்டில் எழுதினால் அதே ஒரு மணி நேரம் 1.24 எம்பிக்குள் அடங்கிவிடும். விரித்ததில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. வேவ்சர்ஃபர் போன்ற நிரல் நூலகங்கள் இந்த முகட்டுத் தரவையும் மொத்த நேரத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டு உடனே வரைந்துவிடும். ஒலி பின்னால் துண்டு துண்டாக வந்து சேர்ந்தால் போதும். ‘அலைவரிசைக் கோப்பை உருவாக்கவும்’ என்று எழுதிய பாடத்தைப் படிப்பவருக்கு இதில் எது புரியும்?

தூய்மை விரும்பிகள் சிலர் அலைவடிவத்தையும் விட்டுவைப்பதில்லை. வடிவம் வேண்டாம், வடிவு போதும் என்று அலைவடிவு என எழுதுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் வடிவு என்றால் அழகு என்பது அவர்கள் நினைவுக்கு வருவதில்லை. அங்குள்ள வாசகருக்கு அது அலையின் அழகாகத்தான் ஒலிக்கும். ஒலியோவியம் என்று இன்னொரு புனைவு. காதுக்கு இனிது, ஆனால் தேரைக் கண்டதும் தேரோவியம் என்பது போன்ற இனிமை அது, எந்த ஓவியம் என்று சொல்லாது. எனக்கும் தமிழ்ச்சொல்லில் பிடிவாதம் உண்டு. ஆனால் புழங்குகிற நல்ல தமிழ்ச்சொல்லைக் கொன்று அதனினும் தூய தமிழ்ச்சொல்லைப் பெறுவதில் மொழிக்கு என்ன வரவு?

இடைமுகத் தமிழில் வேறு சிலவற்றையும் இத்தோடு சொல்லியாக வேண்டும். சவுண்ட்கிளவுட் பெரும் புழக்கத்துக்குக் கொண்டுவந்த அந்தப் பட்டையில், விரும்பிய இடத்தைத் தொட்டால் பாட்டு அங்கே தாவும். நேரத்தோடு ஒட்டிய கருத்துகளும் அந்தந்த இடத்தில் நிற்கும். ஊடாடும் அலைவடிவம் என்பது இதைத்தான். ஆங்கிலத்தில் இந்தத் தாவலுக்கு வழங்கும் சீக் என்னும் சொல்லை அகராதியில் பார்த்து ‘தேடு’ என்று போட்டுவிடுகிறார்கள். அதனால் ஒரே திரையில் பாடலின் பெயரைத் தட்டெழுதும் பெட்டிக்கும் தேடல் பட்டி என்று பெயர், பாட்டை நகர்த்தும் கோட்டுக்கும் தேடல் பட்டி என்று பெயர். அது தாவல், அல்லது நகர்த்தல்; அங்கே தேடுவதற்கு எதுவும் தொலைந்துபோகவில்லை. ‘மீடியா பிளேயர்’ என்பதை எந்திரம் ‘ஊடக வீரர்’ என்று பெயர்த்ததையும் கண்டிருக்கிறேன். எந்திரத்தின் மேல் எனக்குக் கோபமில்லை, அதைப் படித்துப் பாராமல் வெளியிட்ட மனிதர் மேல்தான்.

இந்தச் சொற்கள் கண்ணால் பார்க்கிறவருக்கு மட்டும் உரியவை அல்ல. அலைவடிவம் பெரும்பாலும் ஓவியத் தளமாகவே, அதாவது எழுத்தில்லாத வெறும் படமாகவே, வரையப்படுவதால், திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் கொண்டு கேட்கும் பார்வையற்றவருக்கு அது வெற்றிடம். நிரலர் அதற்கு நகர்த்தியின், அதாவது ஸ்லைடரின், பண்பைக் கொடுத்து, விசைப்பலகையின் அம்புக்குறிகளோடு இணைத்து, ஒரு பெயரும் மதிப்பும் எழுதி வைத்தால்தான் அது அவருக்கு இருக்கிறது. அங்கே ‘அலைவரிசை, 35 சதவீதம்’ என்று ஒலித்தால் அவர் என்னவென்று கொள்வார்? அவருக்கு வேண்டியது படத்தின் பெயரே அன்று. ‘ஓடிய நேரம், 60 நிமிடத்தில் 21’ என்று எழுதுங்கள். அலைவடிவம் என்பதை, அதைக் காட்டவும் மறைக்கவும் உதவும் பொத்தானுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.